வாய்ப்பனை எடுத்த கை

என் கணவர் மன்னாரிலிருந்து முருங்கனுக்கு பஸ் ஓட்டுகிறவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. கதாநாயகி வீட்டை விட்டு ஓடி வருவாள். வயலின் கதறும். நான் பதறிப்போய், "இஞ்சாருங்கோ, என்ன நடக்குது?" என்று கேட்பேன்.

"ஒரு லொறி வருது" என்பார் நிதானமாக. "முன் ரயர் ரெண்டும் மொட்டை. இதை வச்சுக்கொண்டு எப்பிடி உந்த வளைவில திருப்புறான் எண்டு தெரியேல்லை."

"அவள் என்ன ஆனவள்?"

"ஆர்?"

எனக்குக் கண் தெரியாது. கலியாணம் முடித்துச் சில வருடங்களில் கண்ணுக்குள் அமுக்கம் கூடிவிட்டது. ஆசுபத்திரி ஆசுபத்திரியாக ஏறி இறங்கியும் பார்வையை மிச்சம் பிடிக்க முடியவில்லை. அழ வேண்டிய அழுகையை அப்போதே அழுது முடித்துவிட்டேன். இப்போது சமைக்கிறேன், மீன் வெட்டுகிறேன், முற்றம் கூட்டுகிறேன், நேரம் கிடைத்தால் கணவரோடு சண்டை பிடிக்கிறேன். நிம்மதியான வாழ்க்கைதான். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே படப் பைத்தியம். கண் போனபோது அது போகவில்லை. படம் பார்ப்பது என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். "கேக்கிறது" என்று யாராவது திருத்த வந்தால் நல்ல பதில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

கணவரை விட்டால் அடுத்த வளவில் இருக்கும் தங்கச்சிதான் எனக்குப் படம் சொல்லுகிறவள். அவளுக்கு லொறி தெரியாது, சாறி தெரியும். "அந்த நீலம் அவளுக்குப் பொருந்தேல்லை அக்கா. கறுத்த ஆளுக்கு உந்த நீலத்தைக் குடுத்தது ஆர்?" என்று தொடங்கினால் நிற்காது. ஒரு நாள் படத்தில் துப்பாக்கி வெடித்தது, எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். "ஆரடி செத்தது?" என்று கேட்டேன். "பொறு அக்கா, அந்தச் சங்கிலி ரெண்டு வடமோ மூண்டு வடமோ எண்டு பாக்கிறன்" என்றாள். செத்தது யார் என்று பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்களில் குற்றமில்லை. இரண்டு பேரும் என்னில் பட்சமானவர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் "என்ன, என்ன" என்று இன்னொருவரின் முழங்கையைத் தட்டிக் கேட்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும், கூச்சம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

ஒரு தடவை கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி இங்கிலிசுப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதில் நடிகர்கள் பேசாத இடங்களில் ஒரு பெண்ணின் குரல் வந்து, யார் வருகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, முகம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கண் தெரியாதவர்களுக்கென்றே அங்கே வீட்டில் பார்க்கிற படங்களில் இப்படி ஒரு குரல் சேர்த்து விடுவார்களாம். என் இங்கிலிசு அரைகுறை. என்றாலும் அன்று நான் ஒருவருடைய முழங்கையையும் தட்டவில்லை. மச்சாள் இரண்டு தரம் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள், அதுகூட எனக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

பிறகு எங்கள் கரையிலேயே ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவர் உயிலங்குளத்து ஆள். மன்னார் டவுனில், உப்புக்குளம் பக்கம் ஸ்ரூடியோ வைத்துக் கலியாண வீடியோ எடுக்கிறவர். நடித்தது எல்லாம் எங்கள் சனம். சனத்தைச் சிரிக்க வைக்கிற பகிடிப் படம். மீன் பெட்டி கட்டுகிற ஒருவன் பெரிய கோபக்காரர் ஒருவரின் மகளை விரும்புகிற கதை. என் தங்கச்சிக்குப் பெண்ணின் தாய் வேடம். படம் எடுத்து முடியும்வரை அவள் நடந்த நடைக்கு, பெரிய நடிகைக்குப் போல யாராவது ஓடிவந்து கார்க் கதவைத் திறந்துவிட வேண்டும் போல இருந்தது.

தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் முதல் நாள் போட்டார்கள். ஊரே திரண்டு கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. நடுவில் ஒரு கட்டம் வந்தது. கதாநாயகன் பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான், தகப்பன் வருகிற சத்தம் கேட்கிறது, ஓடி எங்கேயோ ஒளிந்துவிட்டான் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. தகப்பன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணியை உறிஞ்சினார். காகம் கத்தியது. பிறகு தகப்பனின் குரல்: "நீயா?"

பிடிபட்டுவிட்டான் என்று நான் பதறினேன். மண்டபமோ கூரை பறக்கச் சிரிக்கிறது. நான் தங்கச்சியின் கையைப் பிடித்து உலுக்கினேன். அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை. "பொறு... கை... வாய்ப்பன்... கழுதை..." என்கிறாள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த காட்சிக்குப் போன பிறகுதான் அவள் சொல்லி முடித்தாள். ஒளிந்தவன் புகுந்தது முற்றத்தில் இருந்த, மீனுக்கு ஐஸ் போடுகிற பெரிய பெட்டிக்குள். அதன் பக்கத்திலேயே தகப்பன் கதிரையைப் போட்டு, பெட்டிக்கு மேல் வாய்ப்பன் தட்டை வைத்திருக்கிறார். வாழைப்பழமும் மாவும் பிசைந்து பொரித்த வாசம் மூக்கில் ஏற, உள்ளே இருந்தவன் மூடியை மெல்ல உயர்த்திக் கையை வெளியே விட்டு ஒன்றை எடுத்துவிட்டான். தகப்பன் திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது தெருவில் திரிகிற ஒரு கழுதை மட்டும். அது எதையோ சப்பிக்கொண்டு நிற்கிறது. "நீயா?" என்றது கழுதையை.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நேரம் திரையில் பெண் மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாளாம். மண்டபம் முழுக்க அமைதி. என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தோம். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். கணவர் பின்னால் வந்து, "ஒரு பகிடிக்கே இவ்வளவு?" என்று கேட்டார். ஓம், ஒரு பகிடிக்குத்தான். எல்லாரும் சிரிக்கிறபோது நானும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைக்காத இடத்தில் நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இல்லை என்று தோன்றிவிட்டது. அதை அவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு என் பக்கத்தில் இருந்தார். வாகனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனேன். நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, அந்தப் படத்தை வீடுகளில் பார்க்க டிஸ்க்காகவும் பென்டிரைவாகவும் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"வீட்டுக்கு விடுகிற படத்தில, பேச்சில்லாத இடங்களில என்ன நடக்குது எண்டு சொல்லுற குரல் ஒண்டு சேர்த்து விடுங்கோ" என்றேன்.

அவர் பணிவான மனிதர். "அக்கா, படம் எண்டா பாக்கிறதுதானே" என்றார்.

"உங்கட படத்தில என்ர தங்கச்சி நடிச்சிருக்கிறாள். அவள் என்ன செய்தவள் எண்டு ஊர் முழுக்கத் தெரியும். கூடப் பிறந்த எனக்குத் தெரியாது. அது சரியோ?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் பாஸ்போட் படம் எடுக்க வந்திருந்த ஒருவர் கதிரையை நகர்த்திக்கொண்டார். ஸ்ரூடியோக்காரர், "நத்தாருக்கு வெளிநாட்டு ஆக்கள் வருவினம், அதுக்கு முதல் டிஸ்க் அடிச்சு முடிக்க வேணும். அதுக்குள்ள குரல் ரெடியெண்டால் போடுறன். இல்லாட்டி அது இல்லாமத்தான் போகும், திருப்பி அடிக்க என்னால ஏலாது அக்கா" என்றார்.

யார் சொல்வது என்ற கேள்விக்கு ஊரில் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தவக்காலத்தில் யேசு ஆண்டவருடைய பாடுகளைப் பாவைகளை வைத்துக் காட்டுகிற வழக்கம் உண்டு. உடக்குப் பாஸ் என்போம். ஆளுயரப் பாவைகளை மேடையில் நகர்த்துவார்கள். பாவைக்குப் பேச்சில்லை, ஆகையால் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று நடப்பதை எல்லாம் வாசிப்பார். எங்கள் பங்கில் அதை வாசிப்பவரின் குரலுக்கு அழாத சனமில்லை. பேசாத பாவைக்குச் சொல்லுகிறவருக்கு இது பெரிய வேலையா என்று நானும் சொன்னேன். முதன்முதலில் சொன்னதே நான்தான். அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, ஸ்ரூடியோவில் இரண்டு நாள் இருந்து வாசித்துக் கொடுத்தார்.

பதிந்ததை எங்கள் வீட்டில் போட்டுக் கேட்டோம். நான் முன்னால் இருந்தேன், கணவர் பக்கத்தில். தங்கச்சி குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் சைக்கிளில் புறப்பட்டான். படார் என்று ஒரு சத்தம். ஆழமான, நடுங்குகிற அந்தக் குரல் எழுந்தது: "அவன் முதல் தரம் தரையில் விழுந்தான்."

கணவர் செருமினார்.

இன்னொரு படார். "அவன் இரண்டாம் தரமும் தரையில் விழுந்தான்."

மூன்றாம் தரம் அவன் விழுந்தபோது, குசினியில் இறால் சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து, ஆண்டவர் சிலுவையோடு மூன்று தரம் விழுகிற இடங்களில் கோயிலில் சொல்வது போல, "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்றாள் தங்கச்சி. முழங்காலும் படியிட்டுவிட்டாளாம். கணவர் கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன், ஆனால் போகப்போக என் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்ணின் முறைமாமன் வந்ததும் குரல் "அந்த நிர்மூடன்" என்றது. பெண் முதன்முதலாகக் கதாநாயகனைப் பார்க்கிற இடத்தில், "பின்னர் இவனையே அவள் கைப்பிடிக்கப் போகிறாள்" என்று முடிவையும் சொல்லிவிட்டது. பாடுகளின் கதையில் முடிவு தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? அந்தப் பழக்கம். கடைசியில் என் கட்டம் வந்தது. "அவ்வேளையில், பெட்டியினுள் மறைந்திருந்தவன், பசியினால் வாடி, தன் வலது கரத்தை நீட்டி..." என்று குரல் நீட்டிக்கொண்டே போக, தகப்பன் "நீயா?" என்றதும் அதற்குள் அமுங்கி, கழுதையும் போய்விட்டது. மறுபடியும் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விளங்கும். மண்டபத்தில் நடந்தது வீட்டிலும் நடக்கப் போகிறது, அவ்வளவுதான்.

இதை வாசித்தவரிடம் யார் சொல்வது? ஸ்ரூடியோக்காரர் தன்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டார். ஊரில் பாஸ் வாசிப்பவருக்கு அவ்வளவு மரியாதை. நத்தாரும் கிட்டிக்கொண்டிருந்தது. அந்த டிஸ்க் வீடு வீடாகப் போனபின் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது. நானே சொல்வதென்று கணவரைக் கூட்டிக்கொண்டு காலையில் கரைக்குப் போனேன்.

தவக்காலம் தவிர்ந்த நாட்களில் அவருக்கு வேலை கரையில் மீன் ஏலம் கூறுவது. நாங்கள் போனபோது ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்த, அவர் குரல் அந்தக் கத்தல்களின் இடுக்குக்குள் எல்லாம் புகுந்து புகுந்து வந்தது. ஒருவர் மூச்சு எடுக்கிற நேரத்துக்குள் இவர் விலையைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஒரு கூறு விலைப்பட்டதும் குரல் சட்டென்று தாழ்ந்தது. வாங்கியவரின் காதுக்கு மட்டும், "பாரை நல்லம். அடியில சூடை. நைஞ்சு போச்சு, முதல் அதை வித்திடுங்கோ" என்றது.

நான் கணவரின் கையை விட்டுவிட்டு முன்னால் போனேன். "அண்ணை, உந்தக் குரல்தான் வேணும்."

"எந்தக் குரல் பிள்ளை?"

"இப்ப வாங்கின ஆளுக்குச் சொன்னியளே, அந்தக் குரல். அதாலதான் படத்தைச் சொல்ல வேணும்."

அவருக்கு மனம் நொந்துவிட்டது. "இது வயித்துப்பாட்டுக்குக் கத்துற குரல். நான் உங்களுக்குத் தந்தது கோயில் குரல்."

"அது எங்களுக்குத் தெரியும் அண்ணை. தங்கச்சி முழங்கால்படியிட்டவள். ஆனால் இதில ஒருத்தரும் சிலுவை சுமக்கேல்லை. ஒருத்தன் வாய்ப்பன் களவெடுக்கிறான்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சிலிருந்து இருமலோடு வந்த சிரிப்பு. "முழங்கால்படியிட்டவளோ?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். "பின்னேரம் ஸ்ரூடியோவுக்கு வாறன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த வேலையை நினைத்தால் இப்போதும் மனம் நிறையும். தங்கச்சி திரையைப் பார்த்துச் சொல்லுவாள். நான் வெட்டுவேன். அண்ணை மைக்கில் பேசுவார். "பச்சைச் சாறி, தங்கக் கரை, கரையில மயில்..." என்று தங்கச்சி போவாள். "மயில் பேசுதோ?" என்று கேட்பேன். "இல்லை." "அப்ப விடு." அவள் ஆடிய நடையை மட்டும் வெட்ட விடமாட்டேன் என்று நின்றாள். "இடுப்பில் கை. அன்ன நடை" என்று போட்டுக் கொடுத்தோம்.

லீவு நாளொன்றில் கணவரும் வந்தார். சைக்கிள் காட்சியைப் பார்த்துவிட்டு, "இவன் விழாமல் என்ன செய்வான், சைக்கிளுக்கு பிறேக் இல்லையே" என்றார். எங்கள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நாங்கள் அவன் ஏன் விழுகிறான் என்று சொல்லாமலே விழுத்திக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதை அப்படியே போட்டோம். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டிஸ்க்கைப் போட்டதும் எதைத் தெரிவு செய்வது என்று ஒரு பக்கம் வருமாம், அது பேசாதாம். "குரலை உள்ளுக்கு வச்சிட்டு, அதை எடுக்கக் கண் வேணுமெண்டால் என்ன பிரயோசனம்? திறப்பை உள்ளுக்கு வச்சுக் கதவைப் பூட்டின மாதிரி" என்றேன். ஸ்ரூடியோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் அந்தப் பக்கத்திலும் அண்ணையைப் பேச வைத்தார். உறையின் மூலையில், எது அந்த டிஸ்க் என்று விரலுக்குத் தெரிய, ஒரு வெட்டும் வெட்டித் தந்தார்.

ஒரே ஒரு இடத்தில்தான் மல்லுக்கட்டினோம். வாய்ப்பன் கட்டத்தில் சொல்வதற்கு இருந்த இடம் மிகக் கொஞ்சம். தகப்பன் உறிஞ்சுகிறார், காகம், உடனே "நீயா?" கை வரும்போது சொன்னால் "நீயா?" அமுங்கிவிடும். கை வருவதற்குச் சற்று முன்னர் தொடங்கினால்தான் முடிக்கலாம்.

"முதலே சொன்னால் பகிடி கெட்டுப்போம் அக்கா" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பிந்திச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். "முந்தியே சொல்லுங்கோ" என்றேன். அண்ணை ஏலத்தில் மூச்சு எடுக்கிற இடைவெளிக்குள் சொல்வது போலச் சொல்லி முடித்தார்.

நத்தாருக்கு மறுநாள் எங்கள் வீட்டில் படம் போட்டோம். அந்தக் கனடா மச்சாள் வந்திருந்தாள், தங்கச்சி வீட்டார் எல்லாரும் இருந்தார்கள், அண்ணையும் தன் குரலைக் கேட்க வந்து வாசலோடு கதிரை போட்டு இருந்தார். டிஸ்க்கைப் போட்டதும் நானே ரிமோட்டைத் தடவி எடுத்து, குரல் சொன்ன இடத்தில் அமத்தினேன். சைக்கிள் விழுந்தது. "பிறேக் இல்லை" என்றது குரல், கணவர் ஒருவருக்கும் கேட்காத மாதிரி "நான்தான் சொன்னனான்" என்றார், எல்லாருக்கும் கேட்டது. தங்கச்சி அன்ன நடை நடந்தாள். நான் ஒருவருடைய முழங்கையையும் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கதிரை இழுபட்டது. தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பெட்டி மூடி உயருது" என்றார் அண்ணை, மீன் வாங்கியவரின் காதுக்குள் சொல்கிற குரலில். "ஒரு கை. தட்டைத் தடவுது. வாய்ப்பன் போச்சு. பக்கத்தில கழுதை."

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை, காகம் மட்டும் கத்தியது. ஒரு கணம் பங்கு மண்டபம் நினைவுக்கு வந்து, இங்கேயும் தனியாகச் சிரித்துவிட்டேனோ என்று பயந்தேன். அந்தக் கணத்தில் தகப்பன், "நீயா?" என்றார். வீடு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மச்சாள், தங்கச்சி, வாசலில் அண்ணை, எல்லாரும். என்னுடைய சிரிப்பு இன்னும் முடியவில்லை, அது அவர்களுடைய சிரிப்புக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது.

கணவர் சிரிப்பில் மூச்சு வாங்கி என் தோளைப் பிடித்தார். "என்னப்பா, எங்களுக்கு முதல் நீ சிரிக்கிறாய்?"

"நீங்கள் பிந்திப்போனியள்" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொறுங்கோ, என்ன நடந்தது எண்டு நான் சொல்லுறன்."